வெள்ள நிவாரணத்துக்கு இறங்கும் முன்: தொண்டர்களின் பாதுகாப்புக்கான தொடர்பு ஏற்பாடு, படிப்படியாக

சென்னையிலும் அதைச் சுற்றிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், புளியந்தோப்பு என்று தண்ணீர் தேங்கும் இடங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலமும் பால் பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு போகிற சிறு குழுக்களுக்காக இதை எழுதுகிறோம். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு குட்டியானை வண்டி, ஒரு வாட்ஸ்அப் குழு; பெரும்பாலான குழுக்களிடம் இருப்பது இவ்வளவுதான். அந்த வாட்ஸ்அப் குழுதான் முதலில் கைவிடும். 2015 டிசம்பரிலும், 2016 வர்தா புயலிலும், 2023 மிக்ஜாமிலும் மின்சாரம் போன பிறகு டவர்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. டவரின் பேட்டரி சில மணி நேரமே தாங்கும். அதற்குள் டீசல் போய்ச் சேரவேண்டும், சாலையில் தண்ணீர் நின்றால் அதுவும் போகாது. எனவே இன்டர்நெட் இல்லாமலும் ஓடக்கூடிய ஏற்பாட்டை மழைக்கு முன்பே செய்துவைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆகஸ்டில் ஆரம்பித்தால் நிதானமாக முடிக்கலாம். செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்தால் கீழே உள்ளதில் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் நீண்ட தூரம் பேசும் வானொலி) தவிர மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட முடியும். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்குச் சுமார் 14,000 ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள், கணக்கு ஏழாவது படியில் இருக்கிறது.

1. முதலில் மேசையில் ஒருவரை உட்காரவையுங்கள்

எந்தக் கருவி வாங்குவதற்கும் முன்னால் இதை முடிவு செய்யுங்கள். மூன்று பேர் கொண்ட மூன்று அணிகள், மேசைக்கு (அணிகளின் தகவலை ஓரிடத்தில் உட்கார்ந்து வாங்கிப் பதியும் வேலைக்கு) இரண்டு பேர், வண்டியோடு ஒருவர். மேசையில் இருப்பவர் களத்துக்குப் போகவே கூடாது. ஆள் பற்றாது என்று அவரையும் பொட்டலம் கட்ட அனுப்புவதுதான் குழுக்கள் செய்கிற முதல் தவறு. அவர் எழுந்த நிமிடத்திலிருந்து, தண்ணீரில் நிற்பவர்களைப் பற்றிக் கவலைப்பட ஒருவரும் இல்லை.

மேசை, தண்ணீர் ஏறாத தெருவில் முதல் மாடியிலோ அதற்கு மேலோ இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இருக்கட்டும். இரண்டாவது மேசை ஒன்று மதுரையிலோ கோவையிலோ இருக்கும் நண்பர் வீட்டில் இருந்தால் நல்லது. உங்கள் பகுதி முழுக்க இருண்டுவிட்டாலும் கடைசியாக வந்த தகவல் அவரிடம் எழுத்தில் இருக்கும்.

பதிவுக்கு ஒரு நீளமான காகித நோட்டு போதும். அணி எண், புறப்பட்ட நேரம், போகிற தெரு, திரும்பும் நேரம், கடைசியாகத் தகவல் வந்த நேரம் என ஐந்து பத்திகள். எக்செல் வேண்டாம், லேப்டாப் பேட்டரி தீர்ந்தால் நோட்டு தீராது.

நோட்டின் உள்ளட்டையில் இந்தக் கால அட்டவணையை ஒட்டுங்கள்:

நடந்து போகும் அணி 60 நிமிடத்துக்கு ஒரு தகவல், படகில் போகும் அணி 30 நிமிடத்துக்கு ஒன்று. தகவல் 15 நிமிடம் தாமதமானால் மேசை அழைக்கும். 30 நிமிடம் ஆனால் அணியில் உள்ள மற்றவர்களின் எண்களுக்கு. 45 நிமிடம் ஆனால், அருகில் உள்ள அணி வேலையை நிறுத்திவிட்டு, தண்ணீரில் இறங்காமல் போகக்கூடிய வழியாகப் போய்ப் பார்க்கும். 60 நிமிடம் ஆனால் மேசை 112-ஐ அழைக்கும், யாரிடமும் அனுமதி கேட்காமல்.

கடைசி வரி முக்கியம். "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றே ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாகிவிடும். பொய் எச்சரிக்கையாகிவிடுமோ என்ற கூச்சம் எல்லோருக்கும் வரும். எழுதி ஒட்டியிருந்தால் அந்த முடிவின் சுமை மேசையில் இருப்பவர் மீது விழாது. 112-இல் பேசும்போது சொல்லவேண்டியவை: எத்தனை பேர், கடைசியாக இருந்த இடம், அடையாளக் கட்டடம், தண்ணீர் முழங்கால் மட்டமா இடுப்பு மட்டமா, ஓட்டம் உண்டா.

2. தகவலை எஸ்எம்எஸ்ஸில், எண்களில் அனுப்புங்கள்

சிக்னல் ஒரு கோடு மட்டுமே இருக்கும்போது அழைப்பு கிடைக்காது, வாட்ஸ்அப் ஒற்றை டிக்கோடு நிற்கும். எஸ்எம்எஸ்ஸுக்குச் சில நொடி சிக்னல் போதும். பெறுபவரின் போன் எட்டாத நிலையில் இருந்தால், நிறுவனத்தின் சர்வர் அதை வைத்திருந்து மறுபடி மறுபடி முயலும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து. அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் முழுச் செய்தியின் அளவும் 70 எழுத்தாகச் சுருங்கிவிடும். கொஞ்சம் நீளமாக எழுதினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்து போகும். ஒரு துண்டு தவறினால், பல போன்களில் முழுச் செய்தியும் காட்டப்படாது. அதனால் வெறும் எண்களில் ஒரு வரிசையை வழக்கமாக்குங்கள்: அணி எண், நேரம், ஆட்கள், நிலை, இருப்பிடம்.

2 1410 3 1 12.9791 80.2185

இரண்டாம் அணி, மதியம் 2.10, மூன்று பேர், நிலை ஒன்று, இந்த இடம். நிலை எண்கள்: 1 நலம், 3 தாமதமாகும், 5 திரும்பிக்கொண்டிருக்கிறோம், 9 உதவி வேண்டும். இந்த நான்குக்கு மேல் வைக்காதீர்கள், மழையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அச்சடித்து லேமினேட் செய்து அடையாள அட்டையின் பின்புறம் ஒட்டுங்கள்.

ரீசார்ஜையும் பாருங்கள். குறைந்த விலை பிளான்கள் சிலவற்றில் எஸ்எம்எஸ் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். அது களத்தில்தான் தெரியவரும் என்பதால், அக்டோபர் முதல் வாரத்தில் ஒவ்வொருவரும் மேசைக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கட்டும்.

3. சிம், போன், பேட்டரி

ஒவ்வொரு அணியிலும் இரண்டு வெவ்வேறு நிறுவன சிம் இருக்கவேண்டும். மூவரும் ஒரே நிறுவனம் என்றால் மூன்று போன் இருந்தும் ஒரு போன் இருப்பதற்குச் சமம். அணிக்கு ஒரு பட்டன் போன் வாங்குங்கள். ஈரக் கையில் டச் ஸ்கிரீன் கேட்காது, பட்டன் கேட்கும். சார்ஜும் நாள்கணக்கில் நிற்கும். ஆனால் ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம்களில் ஒன்றைப் போடுங்கள்.

சிம் வாங்க ஆதார் போதும். ஒருவர் பெயரில் 9 இணைப்பு வரைதான் அனுமதி. எத்தனை ஓடுகிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தலைவர் பெயரில் மொத்தமாக வாங்கி எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்காதீர்கள். அவரவர் பெயரில் வாங்குவதே சட்டத்துக்கும் நல்லது, தொலைந்தால் திரும்பப் பெறவும் எளிது. இன்னொன்று: பழைய சிம்மை மாற்றிப் புதிது வாங்கினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் முடக்கப்பட்டிருக்கும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு சிம் மாற்றாதீர்கள்.

பேரிடர் நேரத்தில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டால், ஒரு நிறுவன சிம் இன்னொரு நிறுவன டவரில் இயங்கும். போனில் நெட்வொர்க் தேர்வு 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால் தானே பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் அமைப்புகளுக்குள் போய்க் கையால் தேடுங்கள், வேலை முடிந்ததும் ஆட்டோமேட்டிக்குக்கே மாற்றிவிடுங்கள். திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டினால் போன் செத்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். வேறு நிறுவன டவர் ஒன்று அருகில் உயிரோடு இருக்கிறது, 112 போகும்.

பவர் பேங்க் விஷயத்தில் அட்டையில் உள்ள எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வெளியே 5 வோல்ட்டாக வரும்போது 6,000 சொச்சம்தான். 5,000 எம்ஏஎச் போனை ஏறக்குறைய ஒன்றரை முறை நிரப்பும். ஓர் அணிக்கு இரண்டு வேண்டும். பிஐஎஸ் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர் புகாத கவரை வாங்கியதும் போனை உள்ளே போடாதீர்கள். டிஷ்யூ காகிதம் ஒன்றை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அழுத்திவையுங்கள். காகிதம் நனையாவிட்டால் சரி. ஐபி68 போன் என்ற தைரியமும் வேண்டாம். அந்தச் சோதனை புதுப் போனில், சுத்தமான தண்ணீரில் செய்யப்படுவது. சார்ஜ் துளை ஈரமாக இருக்கும்போது கேபிளைச் செருகினால் போன் போய்விடும்.

4. இருப்பிடம் காட்டும் வழிகள்

ஜிபிஎஸ்ஸுக்கு சிம்மும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். வானம் தெரியும் இடத்தில் நின்றால் போதும், டேட்டா இல்லாதபோது இடம் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். வேண்டியது முன்பே இறக்கிவைத்த வரைபடம். கூகுள் மேப்ஸில் பொன்னேரி முதல் செங்கல்பட்டு வரை ஆஃப்லைன் வரைபடமாக இறக்கிக்கொள்ளுங்கள். ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலி ஒன்றும் கூடவே இருக்கட்டும். இருப்பிட எண்ணில் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் போதும், அதுவே சுமார் 11 மீட்டர் துல்லியம்.

வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் டேட்டா இருக்கும்வரை நல்ல உதவி. அது அதிகபட்சம் 8 மணி நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். டேட்டா போனாலும் கடைசிப் புள்ளி வரைபடத்தில் அப்படியே நிற்கும். பார்ப்பவர், ஆள் அங்கே பத்திரமாக நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வார். புள்ளியைப் பார்க்கும் முன் 'கடைசியாகப் புதுப்பித்த நேரம்' பாருங்கள் என்று மேசையில் இருப்பவருக்குச் சொல்லிவையுங்கள்.

தெருப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். காந்தி தெருவும் முதல் மெயின் ரோடும் நகரில் எத்தனையோ. அடுக்குமாடியின் பெயர், கோயில், ரேஷன் கடை இவற்றில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

போனின் அவசர வசதியையும் முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு தொடங்கும். இரத்த வகை, ஒவ்வாமை, இரண்டு உறவினர் எண்களைப் பூட்டுத் திரையில் தெரியும்படி வையுங்கள். தமிழகக் காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் பெண் தொண்டர்கள் மட்டுமல்லாமல் எல்லோருமே வைத்துக்கொள்ளலாம்.

5. வாக்கி-டாக்கி, சாட்டிலைட் போன், ட்ரோன்: வாங்கும் முன் சட்டம்

ஆர்வத்தில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய வாக்கி-டாக்கி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையில் இயங்கும் குறைந்த சக்திக் கருவி மட்டுமே. அதற்கும் டபிள்யூபிசியின் (மத்திய அரசின் அலைவரிசை உரிமப் பிரிவு) கருவி வகை ஒப்புதல் இருக்கவேண்டும். ஒப்புதல் சான்றின் நகலை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பாவ்ஃபெங் மாதிரியான கருவிகள் காவல்துறையும் மற்ற துறைகளும் பயன்படுத்தும் அலைவரிசைகளிலும் பேசக்கூடியவை. உரிமம் இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம், நிவாரணப் பணி என்ற காரணம் செல்லாது.

446 கருவியின் பெட்டியில் பல கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். கட்டடங்கள் நெருங்கிய தெருவில் சில நூறு மீட்டர்தான் எதிர்பார்க்க வேண்டும். படகுக்கும் தெருமுனையில் நிற்கும் வண்டிக்கும் இடையே பேச அது போதும். வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு எட்டாது.

நீண்ட தூரத்துக்கு ஹாம் ரேடியோ. தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பித்து, தேர்வெழுதி, பிறகு உரிமமும் அழைப்புக் குறியீடும் பெறவேண்டும். மாதங்கள் பிடிக்கும், இந்த மழைக்குள் முடியாது. அடுத்த ஆண்டுக்காக இருவர் இப்போதே தொடங்கட்டும். இந்த ஆண்டுக்கு உரிமம் பெற்ற ஹாம் ஒருவரை மேசையில் வந்து உட்காரும்படி கேளுங்கள். பேரிடர் நேரத்தில் உதவுவது அவர்கள் வழக்கம்.

சாட்டிலைட் போன் வேண்டவே வேண்டாம். துராயா, இரிடியம் இரண்டும் இந்தியாவில் தடை. வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பும், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பக்கூடிய கார்மின் இன்ரீச் கருவியும் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் கைது வரை போகும், விமான நிலையங்களில் அப்படி நடந்திருக்கிறது.

ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும். மீனம்பாக்கம், தாம்பரம் விமானத் தளங்கள் இருப்பதால் தென்சென்னையின் பெரும்பகுதி கட்டுப்பாட்டு வளையத்துக்குள் வருகிறது. மீட்பு ஹெலிகாப்டர் பறக்கும் நேரமும் அதுவே. விட்டுவிடுங்கள்.

6. எப்போது இறங்கக்கூடாது: மழை, ஏரி, மின்சாரம்

இந்தப் படிக்கு அதிக நேரம் செலவிடுங்கள். மேசையில் இருப்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டியவை: வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படம் (துறைமுக ரேடார் வராத நேரத்தில் பள்ளிக்கரணை ரேடார்), தமிழக அரசின் டிஎன் அலர்ட் எச்சரிக்கைச் செயலி, ஏரிகளின் நீர்மட்டம். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. உபரி நீர் திறக்கும் அறிவிப்பு வந்தால் அடையாற்றின் இரு கரைகளிலும், அனகாபுத்தூர் முதல் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை உள்ள அணிகள் உடனே வெளியேற வேண்டும். 2015 டிசம்பர் 1 இரவு அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. அந்த அளவு தண்ணீர் வந்தால் சாமான் எடுக்கக்கூட நேரம் இருக்காது. பூண்டியில் திறந்தால் கொசஸ்தலையாற்றின் வழியாக மணலி, எண்ணூர் பக்கம். கடல் ஏற்ற நேரத்தையும் குறித்துவையுங்கள், அப்போது முகத்துவாரத்தில் தண்ணீர் வடியாது.

சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை வரக்கூடும். அன்று படகு இறங்காது என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். அன்றைக்கு யார் கெஞ்சினாலும் அந்த வரி மாறக்கூடாது.

அடுத்தது மின்சாரம். சென்னையில் பல பகுதிகளில் கேபிள் தரைக்கடியில் போகிறது. தெருவோரப் பில்லர் பெட்டிகள் (மின் விநியோகப் பெட்டிகள்) தாழ்வாக இருக்கின்றன. தண்ணீர் அதன் கதவு வரை ஏறிய தெருவில், மின்வாரியம் அணைத்துவிட்டதாகச் சொல்லும்வரை யாரும் கால் வைக்கக்கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. அங்கே புகார் எண் வாங்கி நோட்டில் எழுதுங்கள், கூடவே அந்தப் பகுதியின் பிரிவு அலுவலகத்தில் ஒருவர் நேரில் கேட்டு உறுதி செய்யட்டும். வீடுகளில் விளக்கு எரியவில்லை என்பது ஆதாரம் ஆகாது. ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கலாம். யாராவது ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் லைனில் மின்சாரம் திரும்பவும் ஏறும்.

தொடாமலே மின்சாரம் காட்டும் டெஸ்டர் பேனாவைச் சிலர் பாதுகாப்புக் கருவியாகக் கொண்டு போகிறார்கள். அது கம்பியைச் சுற்றியுள்ள மின்புலத்தை உணர்ந்து ஒலிக்கும். தண்ணீருக்குள் மூழ்கிய கேபிளை அது காட்டாது. ஒலித்தால் விலகுங்கள். ஒலிக்காததை 'ஆபத்து இல்லை' என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

காலில் சுருக்கென்றோ மரத்துப்போவது போலவோ பட்டால் கம்பத்தையோ கேட்டையோ பிடிக்காமல், காலைத் தூக்கி எட்டி வைக்காமல், பாதங்களை நெருக்கமாக வைத்து உரசியபடியே வந்த வழியில் திரும்புங்கள். கூட வந்தவர் விழுந்தால் தண்ணீரில் இறங்கித் தூக்கப் போகாதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி அழைப்பு, அடுத்து 108. இதைச் சொல்வதும் கேட்பதும் கஷ்டம்தான். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாவது ஆள் விழுவது இப்படித்தான் நடக்கிறது.

மூங்கில் கழி அணிக்கு ஒன்று. கழியால் தட்டிப் பார்க்காமல் அடுத்த அடி கிடையாது, மூடி பெயர்ந்த மேன்ஹோலையும் உடைந்த வடிகால் பலகையையும் எந்தச் செயலியும் காட்டாது.

7. காகிதங்கள், காப்பீடு, செலவு

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் எல்லோரையும் சேருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், வயது 18 முதல் 70 வரை, வங்கி அல்லது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு வேண்டும். விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். காலம் ஜூன் 1 முதல் மே 31. செப்டம்பரில் சேர்ந்தாலும் அதே 20 ரூபாய்தான், பணம் பிடித்த நாளிலிருந்து காப்பு. மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போனால் காப்பீடு அறுந்துவிடும், பலருக்கு இது தெரிவதே இல்லை. பாஸ்புக்கில் பிடித்தம் வந்திருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் பார்த்து டிக் செய்யுங்கள். கோரும்போது முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். நீரில் மூழ்கினாலும் மின்சாரம் தாக்கினாலும் காவல் நிலையப் பதிவு இல்லாமல் எதுவும் நகராது. ஆஸ்பத்திரிச் செலவை இது தராது, அதற்குத் தனி விபத்துக் காப்பீடு வேண்டும்.

தொண்டர்களின் பெயர்ப்பட்டியலை ஒரு பக்கக் கடிதமாக மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்திலும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். எந்த எல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்: முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் சென்னை மாநகராட்சிக்கு வெளியே, மாநகராட்சியின் புகார் எண் 1913 அங்கே உதவாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070.

தொண்டர்களின் சொந்த எண்ணைப் போஸ்டரில் போடாதீர்கள். மழை முடிந்து மாதங்கள் ஆனாலும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெண்களுக்கு வரும் தொல்லை அழைப்புகளை நிறுத்த வழியே இருக்காது. மேசையின் எண் ஒன்றை மட்டும் வெளியிடுங்கள். களப் படங்களையும் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய பிறகே பதிவிடுங்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் கூட்டம் சூழ்ந்துகொள்ளும், நெரிசலில் விழுவது தொண்டர்கள்தான்.

செலவுக் கணக்கு: பட்டன் போன் மூன்று 4,500, ரீசார்ஜ் 600, பவர் பேங்க் ஆறு 6,000, கவர் ஒன்பது 1,800, விசில் ஒன்பது 450, காப்பீடு பன்னிரண்டு பேருக்கு 240, நோட்டும் அச்சும் லேமினேஷனும் 500. மொத்தம் 14,090. வாக்கி-டாக்கி இதில் சேரவில்லை, பணம் குறைந்தால் முதலில் விடவேண்டியதும் அதுதான். விசிலை விடாதீர்கள்.

8. ஒத்திகை

அக்டோபர் முதல் ஞாயிறு, இரண்டு மணி நேரம். எல்லோரும் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, மூன்று அணிகளும் மூன்று தெருக்களுக்குப் போகட்டும். நான்கு முறை எஸ்எம்எஸ் அனுப்பவேண்டும். ஓர் அணியை மட்டும் ரகசியமாக, இரண்டாவது தகவலை அனுப்பாதே என்று சொல்லிவையுங்கள். மேசை 15, 30, 45 நிமிடங்களில் சரியாக நகர்கிறதா என்று பாருங்கள். 112-ஐ அழைக்கவேண்டாம், அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். முதல் ஒத்திகையில் வழக்கமாகத் தவறுவது மூன்று: இருப்பிட எண்ணில் முன்பின் மாறிவிடும் (சென்னையில் 12 அல்லது 13 முதலில், 80 அடுத்து), யாரோ ஒருவருக்கு எஸ்எம்எஸ் பேலன்ஸ் இருக்காது, மேசையில் இருப்பவர் டீ குடிக்கப் போயிருப்பார். இரண்டு வாரத்தில் மறுபடி ஒருமுறை செய்யுங்கள்.

உண்மையான நாளன்று, வண்டி திரும்பி வந்து பாத்திரம் இறக்கியதும் மேசையை மூடிவிடாதீர்கள். இருட்டில், களைப்பில், தனியாக, பாதி தண்ணீர் நிற்கும் சாலையில் பைக்கில் வீட்டுக்குப் போகும் நேரம் இன்னும் மிச்சம் இருக்கிறது. பன்னிரண்டு பேரும் வீட்டு வாசலில் நின்று நிலை 1 அனுப்பிய பிறகு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நேரம் எழுதி, மேசையில் இருப்பவர் கையெழுத்துப் போட்டு நோட்டை மூடட்டும்.